பரிசு பெற்ற நூல் வாசகரை அடைகிறதா?

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் எழுத்தறிவு பெற்றிருந்தோர் நூற்றுக்கு 18 பேர் அளவே. அடுத்த மூன்று ஆண்டுகளில், 1954 மார்ச் 12ஆம் நாள், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் சாகித்திய அகாதமி தொடங்கி வைக்கப்பட்டது. பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதன் முதல் தலைவரானார். 1955 முதல் ஆண்டுதோறும் நூல்களுக்குப் பரிசளிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் பாசனத்திற்கும் தொடக்கக் கல்விக்குமே நிதி போதாத காலம் அது. பெரும்பான்மையோர் படிக்க இயலாத நூல்களுக்குப் பரிசு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை காண வேண்டுமாயின், பரிசு பெற்ற நூல் அதன் பின்னர் எங்கெங்கு சென்றது, யார் கையை அடைந்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

நூலுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. அரசவைகளும் மடங்களும் புலவர்களைப் போற்றிய வரலாறு யாவரும் அறிந்ததே. அச்சு நூல்கள் பெருகிய பின்னர் இலக்கியச் சங்கங்கள் அப்பணியை ஏற்றன. குஜராத்தில் ரஞ்சித்ராம் பொற்பதக்கம் 1928இல் முதன்முதலாக ஜவேர்சந்த் மேகாணிக்கு வழங்கப்பட்டது. ஆனால் இவையெல்லாம் ஒரு மொழியின் எல்லைக்குள் நின்றவை. எல்லா மொழிகளுக்கும் ஒரே விதி, ஒரே தொகை என்ற முறையை அகாதமியே கொண்டு வந்தது. பல கோடி மக்கள் பேசும் இந்தியில் எழுதுபவருக்கும் சில இலட்சம் மக்கள் பேசும் டோக்ரியில் எழுதுபவருக்கும் பரிசுத் தொகையில் வேறுபாடு இல்லை. கூட்டாட்சி நாட்டில் இதன் பொருள் சிறிதன்று.

மொழிக்குக் கிடைக்கும் ஏற்பு

இன்று அகாதமி 24 மொழிகளில் பரிசு வழங்குகிறது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலமும் ராஜஸ்தானியும் அவற்றுள் அடங்கும். இப்பட்டியல் ஒரே நாளில் உருவானதன்று. கொங்கணி மொழியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது தனி மொழியா, மராத்தியின் கிளைமொழியா என்னும் வாதம் நீண்ட காலம் நடந்தது. 1975இல் அகாதமி கொங்கணியைத் தனி இலக்கிய மொழியாக ஏற்றது. 1977ஆம் ஆண்டுப் பரிசு ரவீந்திர கேளேகருக்குக் கிடைத்தது. கோவாவின் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1987இல். எட்டாவது அட்டவணையில் கொங்கணி இடம்பெற்றது 1992இல். அரசியலமைப்பு ஏற்பதற்கு 17 ஆண்டுகள் முன்னரே இலக்கியப் பரிசு அம்மொழியை ஏற்றுவிட்டது. மைதிலிக்கும் இவ்வாறே நேர்ந்தது. 1960களின் நடுவிலேயே அகாதமியின் ஏற்பைப் பெற்ற அம்மொழி, 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் வாயிலாகத்தான் அட்டவணையில் சேர்ந்தது.

ஆண்டுக்கு ஒரு நூலேனும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டால், அம்மொழியில் நூல் எழுதவும் அச்சிடவும் மதிப்பிடவும் ஆட்கள் உருவாகின்றனர். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வகுப்போர்க்கும் கையில் ஒரு பட்டியல் கிடைக்கிறது. எனினும் ஏற்பு என்பது ஒரு கோடு கிழிப்பதும் ஆகும். கொங்கணியைத் தேவநாகரி, ரோமன், கன்னடம் முதலிய பல எழுத்துகளில் எழுதுகின்றனர். அகாதமி ஏற்றிருப்பது தேவநாகரியை மட்டுமே. ரோமன் எழுத்தில் எழுதும் கோவா எழுத்தாளர்களின் மனக்குறை இன்றளவும் தீரவில்லை.

செம்மீன் வந்த வழி

பரிசினால் விளையும் பயன்களுள் மிகுதியும் பேசத்தக்கது மொழிபெயர்ப்பு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ மலையாளத்தில் 1956இல் வெளிவந்தது. 1957ஆம் ஆண்டுக்கான அகாதமிப் பரிசு அதற்குக் கிடைத்தது. 1962இல் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் அகாதமியே அதைத் தமிழில் வெளியிட்டது. பரிசு தரும் நிறுவனமே பதிப்பு நிறுவனமாகவும் இருந்தமையால் இது எளிதாயிற்று. ஒரு கையால் நூலைத் தேர்ந்து, மறு கையால் அதை அடுத்த மொழிக்கு அனுப்பும் ஏற்பாடு இது. கடற்கரை மக்களின் வாழ்வைச் சொல்லும் அந்நாவல் ஆறாண்டுகளுக்குள் எல்லை கடந்து தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் மலையாளத்தை நேரடியாக அறிந்தவர், நாகர்கோவிலில் வாழ்ந்தவர். அவர் கைப்பட்ட தமிழில் நூல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

தாராசங்கர் பந்தோபாத்தியாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ என்னும் வங்க நாவலும் இவ்வழியில் வந்ததே. 1956ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற அந்நூலை வங்க மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியவர் த. நா. குமாரஸ்வாமி. நாடி பார்த்து மரணத்தின் வருகையை அறியும் ஒரு நாட்டு வைத்தியரின் கதை அது. புதிய மருத்துவம் ஊருக்குள் நுழையும்போது பழைய அறிவு என்ன ஆகிறது என்னும் அதன் கேள்வி, வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டுவோர் படிக்க வேண்டிய ஒன்று எனலாம்.

1957 ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் இப்பணியை வேறொரு வகையில் விரிவாக்கியது. ‘ஆதான் பிரதான்’ என்னும் அதன் வரிசை, ஒரு மொழியின் நூல்களைப் பிற இந்திய மொழிகளுக்குக் கொண்டு செல்வதற்கென்றே ஏற்பட்டது. வங்கம், உருது, கன்னடம், மராத்தி ஆகியவற்றின் சிறந்த நாவல்களைத் தமிழில் ஒரு தலைமுறையினர் குறைந்த விலையில் படித்தது இவ்விரு நிறுவனங்களின் வெளியீடுகளால்தான்.

ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வழி எவ்வளவு நீண்டது என்பது விளங்கும். ஆண்டொன்றுக்கு 24 மொழிகளில் 24 நூல்கள் பரிசு பெறுகின்றன என்று கொள்வோம். அவை ஒவ்வொன்றும் ஏனைய 23 மொழிகளுக்குச் செல்ல வேண்டுமாயின், ஓராண்டுப் பரிசுகளுக்கு மட்டும் 552 மொழிபெயர்ப்புகள் தேவை. எந்த நிறுவனத்தாலும் இது இயலாது. இயல வேண்டும் என்பதும் இல்லை. எதை எந்த மொழிக்கு முதலில் கொண்டு செல்வது என்னும் தேர்வு இன்றியமையாததாகிறது. அந்தத் தேர்வைச் செய்ய இரு மொழியும் அறிந்த ஆட்கள் வேண்டும். தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே அத்தகையோர் உண்டு. தமிழுக்கும் மணிப்புரிக்கும் இடையே, தமிழுக்கும் சந்தாலிக்கும் இடையே எத்தனை பேரைக் காட்ட முடியும்? ஆகவே நூல்கள் இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ சுற்றி வருகின்றன. சுற்றி வரும்போது சுவை குறைகிறது, காலமும் கடக்கிறது.

இத்துணை முதன்மை வாய்ந்த பணியைச் செய்வோர்க்கெனத் தனிப் பரிசு ஏற்பட்டது 1989இல்தான். அதாவது நூலாசிரியர்களுக்குப் பரிசு தொடங்கி 34 ஆண்டுகள் சென்ற பின்னர். செம்மீனைத் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமி, தம் சொந்தப் படைப்புகளால் தமிழ் நாவலின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவர். அவர் அகாதமியின் ஆண்டுப் பரிசைப் பெறாமலே மறைந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

தொகையும் காலமும்

பரிசுத் தொகை தொடக்கத்தில் 5,000 ரூபாய். 1983இல் 10,000 ஆகவும், 1988இல் 25,000 ஆகவும், பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து 2009இல் ஓர் இலட்சமாகவும் ஆயிற்று. தனியார் அறக்கட்டளையான பாரதிய ஞானபீடம் 1965ஆம் ஆண்டிற்கான தன் முதல் பரிசை மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்கு அளித்தபோதே அதன் தொகை ஓர் இலட்சம் ரூபாய். அன்று அத்தொகை நாடு முழுவதும் பேசப்பட்டது. 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அகிலனின் ‘சித்திரப்பாவை’க்கு வந்தபோது, நாவல் படிக்காத இல்லங்களிலும் அவர் பெயர் தெரிந்தது. தொகை, எழுத்தாளருக்குப் பயன்படுவதோடு செய்தித்தாளின் முதல் பக்கத்தையும் திறந்து விடுகிறது.

ஆனால் அத்தொகை உரிய காலத்தில் எழுத்தாளரைச் சேர்கிறதா என்று பார்த்தால் தமிழின் அனுபவம் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1956ஆம் ஆண்டுக்கான பரிசு ‘அலை ஓசை’க்குக் கிடைத்தபோது கல்கி மறைந்து விட்டிருந்தார். 1969ஆம் ஆண்டுப் பரிசு ‘பிசிராந்தையார்’ நாடகத்திற்கு அறிவிக்கப்பட்டபோது பாரதிதாசன் காலமாகி ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. 1970இல் கு. அழகிரிசாமி மறைந்த பின்னரே ‘அன்பளிப்பு’க்குப் பரிசு வந்தது. 1987இல் ஆதவன் தம் 45ஆம் வயதில் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவ்வாண்டுப் பரிசு அவருடைய ‘முதலில் இரவு வரும்’ தொகுதிக்கு அளிக்கப்பட்டது.

சி. சு. செல்லப்பாவின் கதை இவற்றுள் தனித்துச் சொல்லத்தக்கது. ‘எழுத்து’ என்னும் இதழை 1959இல் தொடங்கி நடத்தியவர் அவர். புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். விடுதலைப் போராட்டக் காலத்தைப் பொருளாகக் கொண்ட ‘சுதந்திர தாகம்’ என்னும் பெருநாவலை முதிய வயதில் தம் பொறுப்பிலேயே மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். 1998இல் அவர் காலமானார். அந்நாவலுக்குப் பரிசு கிடைத்தது 2001ஆம் ஆண்டுக்கு. அச்சுக் கடனைத் தீர்க்கவோ அடுத்த நூலைத் தொடங்கவோ அந்தத் தொகை அவருக்குப் பயன்பட்டிருக்க முடியாது. 35 வயதுக்கு உட்பட்டோருக்கென 2011இல் யுவ புரஸ்கார் ஏற்பட்டது இக்குறையை ஒரு முனையில் ஓரளவு ஈடு செய்கிறது. நடு வயதில் வறுமையோடு எழுதிக் கொண்டிருப்பவரின் நிலை அப்படியே உள்ளது.

விதிகளால் விளையும் வேறொரு குறையும் உண்டு. அகாதமியின் ஆண்டுப் பரிசு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையே கிடைக்கும். குறிப்பிட்ட ஐந்தாண்டுக் காலத்துள் வெளியான நூல்களே அதற்குக் கருதப்படும். சிறந்த நூல் வந்த காலத்தில் அது தவறிவிட்டால், பிற்காலத்து நூலொன்றுக்கு ஈடு செய்வது போல் பரிசு அளிக்கப்படுகிறது. தி. ஜானகிராமனுக்கு ‘மோகமுள்’ளுக்கோ ‘அம்மா வந்தாள்’ நாவலுக்கோ பரிசு கிடைக்கவில்லை. 1979இல் ‘சக்தி வைத்தியம்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. அசோகமித்திரன் ‘தண்ணீர்’, ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஆகிய நாவல்களால் அறியப்பட்டவர். அவருக்கு 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ பரிசைப் பெற்றுத் தந்தது. அவை குறைந்த நூல்கள் என்பது இதன் கருத்தன்று. ஆனால் நூலகங்களும் பாடத்திட்டங்களும் வேற்று மொழியினரும் பரிசு பெற்ற நூலையே நாடுகின்றனர். ஆசிரியரின் முதன்மையான நாவல் வெளி மொழிக்குச் செல்லும் வரிசையில் பின்னே நிற்க நேர்கிறது.

தகுதியான நூல் இல்லையெனில் பரிசு இல்லை என்னும் விதியும் இருக்கிறது. தமிழுக்கு 1957, 1960, 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் பரிசு அளிக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் தமிழில் நல்ல நூலே இல்லை என்று இலக்கிய வரலாறு அறிந்த எவரும் ஒப்புக்கொள்ளார்.

கடையும் நூலகமும்

பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசு 1903 முதல் வழங்கப்பட்டு வருகிறது. இன்று அதன் தொகை பத்து யூரோ மட்டுமே. பரிசு பெறுவோர் அந்தக் காசோலையை வங்கியில் செலுத்துவதைவிடச் சட்டமிட்டு மாட்டி வைப்பதே மேல் என்று தோன்றும். ஆனால் அப்பரிசு பெற்ற நாவல் சில மாதங்களில் இலட்சக்கணக்கில் விற்பனையாவது வழக்கம். காரணம் தொகையில் இல்லை. அந்நாட்டில் சிற்றூர்களிலும் புத்தகக் கடைகள் உள்ளன. 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பதிப்பாளர் குறித்த விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தள்ளுபடி தரலாகாது என்று வரையறுத்துச் சிறு கடைகளைக் காத்து வருகிறது. பரிசின் அறிவிப்பு வந்த வாரமே நூல் எல்லாக் கடைகளிலும் அடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே 1988 முதல் இன்னொரு பரிசும் உண்டு. ஏறத்தாழ 2,000 மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் கோன்கூர்ப் பட்டியலிலுள்ள நாவல்களை இரண்டு மாதங்களில் படித்து, வகுப்பறைகளில் வாதிட்டு, தாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அயல் நாட்டோடு ஒப்பிட வேண்டியதில்லை எனில் கேரளத்தைப் பார்க்கலாம். 1945இல் எழுத்தாளர்களே கோட்டயத்தில் தொடங்கிய சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம், விற்பனையில் நூற்றுக்கு 30 வரை உரிமைத்தொகை அளித்தது. அதே ஆண்டில் பி. என். பணிக்கர் ஊர்ப்புற நூலகங்களை ஒரு சங்கமாக ஒருங்கிணைத்தார். ஆகவே ஒரு நூல் பரிசு பெறும்போது அதைக் கேட்டு வருவோரும், அவர்களுக்குக் கொடுக்க நூலும் அங்கே ஆயத்தமாக இருந்தனர். பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ 2008இல் வெளிவந்தது; கேரள சாகித்திய அகாதமியின் பரிசை அடுத்த ஆண்டுக்குப் பெற்றது; 100 பதிப்புகளுக்கு மேல் கண்டது. வளைகுடா நாட்டு உழைப்பாளியின் துயரம் அம்மாநிலத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த செய்தி என்பதும் ஒரு காரணமே.

தமிழ்நாட்டிற்கும் நூலக மரபு உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியின் பயனாக வந்தது. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியே ஊர்ப்புற நூலகங்களின் அடிப்படை. நூலகக் கொள்முதலை நம்பி ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிடுவது பல பத்தாண்டுகள் பதிப்பாளர் வழக்கமாக இருந்தது.

இங்கேதான் அலுவலர்கள் கருத வேண்டிய ஓர் இடைவெளி உள்ளது. நூலகக் கொள்முதல் பெரும்பாலும் புதிதாக வெளியான நூல்களுக்கே நடைபெறுகிறது. பரிசோ பழைய நூல்களைத் திரும்பிப் பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, அகாதமியின் 2023ஆம் ஆண்டுப் பரிசுக்கு 2017 தொடக்கம் முதல் 2021 இறுதி வரை வெளியான நூல்கள் கருதப்பட்டன. 2017இல் வெளியாகி, அவ்வாண்டுக் கொள்முதலில் இடம் பெறத் தவறிய ஒரு நூல் 2023இல் பரிசு பெறுவதாகக் கொள்வோம். அதன் முதற்பதிப்பு தீர்ந்திருக்கும்; அல்லது பதிப்பாளரின் கிடங்கில் சில கட்டுகள் இருக்கும். கொள்முதல் பட்டியலுக்கு அது பழைய நூல். செய்தித்தாளில் பெயரைப் படித்துவிட்டு மறுநாள் கிளை நூலகத்திற்கு வரும் மாணவர் வெறுங்கையோடு திரும்புவார். மறுபதிப்பு வருவதற்குள் அவருடைய ஆவல் வேறு பக்கம் சென்றிருக்கும்.

இதைச் சரி செய்யப் பெருநிதி தேவையில்லை. பரிசு அறிவிக்கப்பட்ட நூல்களை, அவை வெளியான ஆண்டைக் கருதாது, அந்த ஆண்டின் கொள்முதலில் சேர்த்துக் கொள்ள ஒரு விதி போதும். 1972 முதல் கொல்கத்தாவில் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலங்களின் பங்குத் தொகைக்கு ஈடாகத் தானும் நிதியளித்து நூலகங்களுக்கு நூல் வாங்க உதவுகிறது. பிற மொழிகளில் பரிசு பெற்று அண்மையில் தமிழுக்கு வந்த நூல்களையும் இத்தகைய நிதியிலிருந்து மாவட்ட மைய நூலகங்கள் முறையாக வாங்கலாம்.

அண்மைக் காலத்தில் வேறொரு திசையிலிருந்து வரும் பரிசுகள் கவனத்தை ஈர்க்கின்றன. கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் ‘ரேத் சமாதி’ 2018இல் வெளிவந்தது. டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2022இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. 2025இல் அதே பரிசு பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்குத் தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் வந்தது. 50,000 பவுன் தொகையை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்து கொள்வது அப்பரிசின் விதி. மொழிபெயர்ப்பாளரை இரண்டாம் நிலையில் வைத்துப் பழகிய நமக்கு இது புதுமையாகவே தோன்றும். கர்நாடகத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே தொடர்வண்டியில் ஓர் இரவுப் பயணமே. எனினும் பானு முஷ்டாக் பல பத்தாண்டுகளாகக் கன்னடத்தில் எழுதி வந்த கதைகளின் பெயர், தமிழ் வாசகருள் மிகப் பலருக்கு இலண்டன் வழியாகத்தான் தெரிய வந்தது. ஓசூர் நூலகத்தின் கன்னட அலமாரியில் அவருடைய தொகுதி ஒன்று அதற்கு முன்னரே இருந்திருக்குமாயின், அதைத் தமிழில் கொண்டு வரத்தக்க இருமொழி வாசகர் அந்த ஊரிலேயே இருந்திருப்பார்.